ஓனர் வைத்த மேஸ்திரி, நம்முடைய ஃப்ரிட்ஜ்: சென்னையில் ஈடு வாங்கும் வழிகள், ஒரு மதிப்பீடு

மாடியில் வாட்டர் ப்ரூஃபிங், பாத்ரூமில் டைல்ஸ் மாற்றம், மீட்டர் போர்டில் வயரிங். வேலைக்கு ஆள் வைத்தது ஓனர், கூலி கொடுப்பதும் ஓனர். கெட்டுப்போனது மட்டும் குடியிருப்பவரின் டிவி, பீரோ, மெத்தை. "மேஸ்திரிகிட்ட பேசிக்கோங்க" என்கிறார் ஓனர். "ஓனர் சொன்னதத்தான் செஞ்சோம்" என்கிறார் மேஸ்திரி. இந்த இருவருக்கும் நடுவில் நிற்கும் வாடகைதாரருக்குச் சென்னையில் இருக்கும் வழிகள் ஏழு: நேர்ப்பேச்சு, காப்பீடு, லோக் அதாலத், நுகர்வோர் ஆணையம், வாடகை நீதிமன்றம், காவல் நிலையம், உரிமையியல் வழக்கு. பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரையிலான சேதத்துக்கு எது வேலைக்கு ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்த வாசலுக்குப் போகிறோம் என்பதைவிட, சேதம் நடந்த அன்று மாலைக்குள் கையில் என்ன சேர்ந்தது என்பதே பணத்தைத் தீர்மானிக்கிறது. அது சரியாக இருந்தால் பெரும்பாலும் நேர்ப்பேச்சிலேயே முடிந்துவிடும். அது இல்லாமல் எந்த ஆணையத்துக்குப் போனாலும் அலைச்சல்தான்.

யார் தர வேண்டும்?

கவனமில்லாமல் வேலை செய்தவர்தான் முதல் பொறுப்பாளி. சொந்தமாக ஆள் வைத்து, சொந்த முறையில் வேலை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டரின் தவறுக்கு அவரை அமர்த்தியவர் பொதுவாகப் பொறுப்பாக மாட்டார் என்பது பழைய சட்டக் கொள்கை. ஓனருக்காக வரும் வக்கீல் எடுத்ததும் சொல்வது இதைத்தான். ஆனால் ஓனர் முழுக்கக் கழன்றுகொள்ள முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 108(சி)-யின்படி வாடகைதாரர் இடையூறில்லாமல் வீட்டை அனுபவிக்க விடுவதாக ஓனர் உறுதி தந்ததாகவே கொள்ளப்படும். வேலை நடக்கும்போது கூடவே நின்று "இங்க உடை, அங்க ஒட்டு" என்று அவரே ஏவியிருந்தாலும், தகுதியில்லாத ஆள் என்று தெரிந்தே அனுப்பியிருந்தாலும் பொறுப்பு அவர் பக்கமும் வரும். நடைமுறை முடிவு எளிது: கடிதமோ நோட்டீஸோ எதுவானாலும் இருவர் பெயரும் இருக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால், விட்டுப்போனவர் மேல் பழியைப் போட்டு மற்றவர் நழுவிவிடுவார்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தில், எந்தப் பராமரிப்பு யாருடையது என்று ஒரு அட்டவணையே இருக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுது, சுண்ணாம்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாற்றம், வயரிங் எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கதவுக் குமிழ், அடைப்பு எடுப்பது போன்றவை வாடகைதாரருக்கு. கெட்டது எந்த வேலையின்போது என்பதை இந்த அட்டவணையோடு ஒட்டிப் பாருங்கள். நீங்களே கூப்பிட்ட பிளம்பர் வாஷர் மாற்றும்போது வாஷிங் மெஷினைத் தட்டிவிட்டிருந்தால் ஓனரிடம் போக முகாந்திரமே இல்லை.

எந்த வேலையில் என்ன கெடும், ஏன்

ஈடு கேட்பவர்கள் தோற்பது பெரும்பாலும் காரணத்தைச் சொல்லத் தெரியாமல்தான். "வேலை செஞ்சாங்க, டிவி போச்சு" என்றால் "பழைய டிவி, தானா போயிருக்கும்" என்று பதில் வரும்.

மீட்டர் போர்டு வேலையில் மோசமானது நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், கழன்றுவிடுவது. மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவே சுமார் 400 வோல்ட். எலக்ட்ரீஷியன் நியூட்ரல் வயரைச் சரியாக முறுக்காமல் விட்டால், இரண்டு ஃபேஸ்களில் ஓடும் சாதனங்கள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். கீசர் போன்ற கனமான லோடு உள்ள ஃபேஸில் வோல்டேஜ் இறங்கும். வெறும் ரவுட்டரும் டிவியும் இருக்கும் ஃபேஸில் ஏறும். அதனால்தான் ஒரு அறையில் பல்பு மங்க, பக்கத்து அறையில் பளீரென்று எரிந்து, பிறகு பட்டென்று சத்தம் கேட்கிறது. அந்த மங்கல், பளீர் இரண்டையும் எழுதி வையுங்கள். நியூட்ரல் பிரச்சினைக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. கெட்ட சாதனத்தின் போர்டைத் திறந்தால், மின்சாரம் நுழையும் இடத்தில் சிறு காசு அளவில் நிற்கும் வேரிஸ்டர் (அதிக வோல்டேஜிலிருந்து காக்கும் பாகம்) வெடித்துக் கருகியிருக்கும். மெக்கானிக் அதைப் படம் எடுத்து, ஜாப் ஷீட்டில், அதாவது சர்வீஸ் ஆள் நிரப்பித் தரும் வேலைச் சீட்டில், "ஓவர் வோல்டேஜ்" என்று எழுதித் தந்தால் பாதி வழக்கு முடிந்தது. ஒரே நேரத்தில் மூன்று சாதனங்கள் போனால் "தானா போச்சு" என்ற பேச்சுக்கே இடமில்லை.

டைல்ஸ் வேலை முடிந்ததும் கறை போக ஆசிட் வாஷ் செய்வார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கதவு ஜன்னல் மூடிய வீட்டில் அதன் ஆவி குரோம் குழாய், ஸ்டீல் பாத்திரம், ஃப்ரிட்ஜ் கதவு, ஏசியின் செம்பு, அலுமினியக் குழாய்கள் மேல் படியும். சேதம் அன்றே தெரியாது. சில நாள் கழித்து ஸ்டீல் மேல் பழுப்புப் புள்ளிகள் கிளம்பும். அன்று மாலையே "எல்லாம் தீர்ந்தது" என்று கையெழுத்துப் போட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

பட்டி தேய்க்கும்போது பறக்கும் மாவு போன்ற தூசி ஃபேன் உள்ள எல்லாவற்றுக்குள்ளும் போகும். அந்த நேரம் ஏசி ஓடினால் தூசி ஃபில்டரைத் தாண்டி, ஈரமாக இருக்கும் காயிலில் ஒட்டிக் கூழாகி, தண்ணீர் போகும் வழியை அடைக்கும். பிறகு ஏசி உள்ளே ஒழுகும். பால்கனி கிரில்லுக்கு வெல்டிங்கோ கிரைண்டிங்கோ நடந்தால் பறக்கும் இரும்புப் பொறி கண்ணாடியில் புதைந்துவிடும். துடைத்தால் போகாது, விரல் வைத்தால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். வாஷிங் மெஷின் மூடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்.

மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங்கில் தண்ணீர் கட்டி 24 முதல் 48 மணி நேரம் விட்டுச் சோதிப்பது வழக்கம். விரிசல் மிச்சமிருந்தால் அந்தத் தண்ணீர் கீழ் வீட்டு அலமாரியில்தான் இறங்கும். பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஒருமுறை ஊறிப் பெருத்தால் காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது, திருகு பிடிக்காது. ஆகவே "காய வச்சா சரியாயிடும்" என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம். தேக்கு என்றால் கதை வேறு. காயவைத்து பாலிஷ் செய்யும் செலவைத்தான் கேட்க முடியும். கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கம்பி துருவேறிய சீலிங்கைக் கொத்தும்போது, மேஸ்திரி காட்டிய இடத்தில் மட்டும் காரை விழாது; இரண்டடி தள்ளியும் விழும். கட்டிலை அறையின் இன்னொரு மூலைக்கு நகர்த்தினால் போதாது, அறையையே காலி செய்ய வேண்டும்.

அன்று மாலைக்குள்

பெருக்காதீர்கள், துடைக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச், பிறகு படம். அறை முழுவதும் தெரியும்படி ஒன்று, பொருள் முழுவதும் தெரியும்படி ஒன்று, சேதத்தை ஸ்கேல் வைத்து நெருக்கத்தில் ஒன்று. மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள ஸ்டிக்கரைத் தனியாக எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த நேரம் முதலிய விவரங்கள் கழன்றுவிடும். 'டாகுமென்ட்' ஆக அனுப்புங்கள், மூலப் படத்தை எடுத்த ஃபோனிலேயே வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63-ன்படி மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். அந்த ஃபோன் கையில் இல்லையென்றால் அங்கே சிக்கல்.

ஓனரிடம் ஃபோனில் பேசுவது நல்லது, ஆனால் பேசி முடித்த கையோடு எழுத்தில் போட வேண்டும். கோபமில்லாமல், தகவலாக:

"சார், இன்று காலை 11.20-க்கு நீங்கள் அனுப்பிய எலக்ட்ரீஷியன் மீட்டர் போர்டில் வேலை செய்தபோது ஹாலில் லைட் பளீரென்று எரிந்து அணைந்தது. டிவி, ரவுட்டர், ஃப்ரிட்ஜ் மூன்றும் ஓடவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன். நாளை சர்வீஸ் ஆள் வந்து பார்ப்பார். நீங்களும் வந்தால் நல்லது."

இதற்கு "சரிப்பா, பாத்துக்கலாம்" என்று வரும் ஒரு வரிப் பதில் விலைமதிப்பற்றது. ஆளை அனுப்பியது தான்தான் என்பதை ஓனர் அதில் மறுக்கவில்லை. பின்னால் "அவரா கூப்பிட்ட எலக்ட்ரீஷியன்" என்று சொல்ல வழியில்லை.

மெக்கானிக் வந்தால் ரசீதைவிட ஜாப் ஷீட் முக்கியம். அதில் 'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுமுன் நிரப்பச் சொல்லுங்கள். "வெளிக் காரணத்தால் சேதம்" என்று எழுதினால் வாரண்டி போய்விடுமே என்று பலர் தயங்குகிறார்கள். வாரண்டி எப்படியும் இதற்குப் பொருந்தாது. அந்த வரிதான் ஈட்டுக்கு ஆதாரம். உடைந்த துண்டு, கருகிய போர்டு எதையும் பழைய பொருள்காரரிடம் போட வேண்டாம். பழுது எஸ்டிமேட் இரண்டு இடத்தில் வாங்குங்கள்.

இனி ஒவ்வொரு வழியாக, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற கணக்கில்.

நேர்ப்பேச்சு: பத்துக்கு எட்டு

குறைந்த செலவு, விரைந்த பணம். கெடுப்பது இரண்டு விஷயம்: அதிகமாகக் கேட்பது, வாடகையைத் தானாகப் பிடிப்பது.

நான்கு ஆண்டுக்கு முன் 32,000 ரூபாய்க்கு வாங்கிய ஃப்ரிட்ஜுக்குப் புது ஃப்ரிட்ஜ் கேட்டால் பேச்சு அங்கேயே முறியும். முதலில் பழுதுச் செலவைக் கேளுங்கள். பழுது பார்க்க முடியாது என்று எழுத்தில் இருந்தால் தேய்மானம் கழித்துக் கேளுங்கள். பத்தாண்டு ஆயுள் என்று வைத்தால் மிச்சம் 60 சதவீதம், அதாவது 19,200 ரூபாய். அதோடு ஏற்றுக்கூலி, மெக்கானிக் விசிட் கட்டணம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி நீட்டினால் ஓனர் குறைப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். வெறும் தொகையாகச் சொன்னால் பேரம்தான் நடக்கும்.

வாடகையில் கழிப்பது ஓனர் எழுத்தில் ஒத்துக்கொண்ட பிறகு மட்டும். அவர் செய்யாத பழுதை நாம் செய்து கழித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு என்பது உண்மை. ஆனால் அது வீட்டுப் பழுதுக்கு, நம் டிவிக்கு அல்ல. இரண்டு மாத வாடகை பாக்கி என்பது காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். 20,000 ரூபாய்க்காக வீட்டை இழக்கும் வழியை நாமே திறந்துவிடக் கூடாது. ஓனர் ஒத்துக்கொண்டால் பணம் அனுப்பும்போது யுபிஐ குறிப்பில் "ஜூன் வாடகை 18,000, ஈடு 6,000 கழித்து 12,000" என்று போடுங்கள். வருமான வரிக்கு எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) காட்டுபவர்கள் ரசீதை முழு வாடகைக்கும் வாங்கி, கழிவைத் தனி வரியில் எழுதச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த மாதம் வாடகை குறைந்ததாகக் கணக்கில் நிற்கும்.

"அட்வான்ஸ்ல பாத்துக்கலாம், காலி பண்ணும்போது சேத்துத் தர்றேன்" என்பதை ஏற்பது கடைசி யோசனையாக இருக்கட்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சட்டம் சொன்னாலும், பெரிய தொகை வாங்கும் பழக்கம் போகவில்லை. காலி செய்யும் நாளில் பெயின்டிங் கழிவு, கிளீனிங் கழிவு என்று ஓனர் பக்கமும் ஒரு பட்டியல் வரும். அந்தக் கூட்டத்தில் நம் ஃப்ரிட்ஜ் காணாமல் போய்விடும். வேறு வழியில்லையென்றால் தொகையைக் குறிப்பிட்டு எழுதி வாங்குங்கள்.

பணம் வாங்கியதற்குக் கையெழுத்துப் போடும்போது "இந்தச் சம்பவத்தில் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்ற வரிக்குப் பதில் "கீழ்க்கண்ட மூன்று பொருளுக்கு மட்டும்" என்று இருக்கட்டும். ஆசிட் புள்ளிகள் பின்னால் வரும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

செயலி வழியாக ஓனர் பதிவு செய்த பெயின்டிங், கிளீனிங் சேவை என்றால் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. சேத ஈடு தருவதாக அவை விளம்பரம் செய்தாலும், புகார், சேவையைப் பதிவு செய்த கணக்கிலிருந்துதான் போக வேண்டும், அதுவும் குறித்த கெடுவுக்குள். கணக்கு ஓனர் ஃபோனில் இருக்கிறது. எனவே அன்றே அவரைப் புகார் போட வைத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சாமான் காப்பீடு: ஏழு, ஓட்டைகளோடு

வாடகைக்கு இருப்பவர் கட்டடத்தை விட்டுவிட்டுச் சாமானுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவடிவப் பாலிசியில் தீ, வெள்ளம், புயலோடு, தண்ணீர்த் தொட்டி, குழாய் உடைந்து வழிவதும், வெளிப்பொருள் மோதி ஏற்படும் சேதமும் அடங்கும். மேல்மாடி வேலையில் குழாய் உடைந்து மெத்தை நனைந்தால் இங்கே வாசல் திறந்திருக்கிறது. சாமான் மதிப்பைக் குறைத்துச் சொல்லிவிட்டீர்கள் என்று ஈட்டை வெட்டும் வழக்கமும் இந்தப் பாலிசியில் கிடையாது.

ஓட்டை எங்கே? முதலாவது மின்சாரம். ஷார்ட் சர்க்யூட், அதிக அழுத்தம், மின்கசிவு போன்றவற்றால் அந்தச் சாதனத்துக்கே வரும் சேதம் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. நியூட்ரல் கழன்று டிவி போனால் இந்தப் பாலிசி கை கொடுக்காது. 'வீட்டுச் சாதனப் பழுது' பிரிவு உள்ள ஹவுஸ்ஹோல்டர் பேக்கேஜ் பாலிசி தனியாக வேண்டும். இரண்டாவது, தூசியும் ஆசிட் ஆவியும். பட்டியலில் உள்ள ஆபத்துகளில் இவை இல்லை. மூன்றாவதுதான் எல்லோரும் சறுக்கும் இடம்: காண்ட்ராக்டரிடம் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு "இனி கோரிக்கை இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மீதிக்குக் காப்பீட்டுக்குப் போவது. ஈடு கொடுத்த பிறகு காண்ட்ராக்டரிடம் அதை வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்கு வருகிறது. அதை நாமே எழுதிக் கொடுத்துக் கெடுத்தால் ஈட்டை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கும். வரிசை தெளிவு: முதலில் நிறுவனத்துக்குத் தகவல், சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயரின் பார்வை, பிறகு யாரிடமும் ரசீது.

நிறுவனம் மறுத்தால் எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பார்த்துவிட்டு, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணமில்லை, 50 லட்சம் வரை அதிகாரம், வக்கீல் தேவையில்லை. சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே இருக்கிறது.

லோக் அதாலத்: ஏழரை, எதிராளி வந்தால்

வழக்குப் போடுவதற்கு முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிக்கும் வசதி இது. கட்டணம் கிடையாது. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முடிவாகும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் "அடுத்த மாசம் தர்றேன்" என்ற வாய்ச்சொல் நிறைவேற்றக்கூடிய ஆணையாக மாறிவிடுகிறது. இந்த அளவுத் தொகைக்கு இவ்வளவு பொருத்தமான இடம் வேறு இல்லை. ஆனால் இதைத் தேடிப் போகும் வாடகைதாரர் குறைவு.

குறை ஒன்றே: எதிராளி வராவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது. ஓனர் பெரும்பாலும் வருவார், அரசு முத்திரையோடு வரும் கடிதத்துக்கு அந்த மரியாதை இருக்கிறது. மேஸ்திரிக்கு முகவரியே இல்லையென்றால் கடிதம் போய்ச் சேராது. அதற்காகவே முதல் நாளே அவர் முழுப்பெயர், ஃபோன் எண், ஊர் மூன்றையும் வாங்கி வைக்க வேண்டும். மனுவில் இரண்டு பக்கத்துக்கு மேல் கதை வேண்டாம். தேதி, வேலை, சேதம், தொகைக் கணக்கு, இணைப்புப் படிகள் போதும். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீலும் கேட்கலாம்.

நுகர்வோர் ஆணையம்: கம்பெனி என்றால் ஏழு, மேஸ்திரி என்றால் நான்கு

வீட்டை வாடகைக்கு விடுவதை மட்டும் வைத்து ஓனரை இங்கே இழுப்பது பலவீனமான வழக்கு. ஆனால் காண்ட்ராக்டர் தருவது சேவை. பணம் கொடுத்தது ஓனர், நான் எப்படி நுகர்வோர் என்ற கேள்விக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(7) பதில் வைத்திருக்கிறது: சேவையை அமர்த்தியவரின் ஒப்புதலோடு அதன் பயனைப் பெறுபவரும் நுகர்வோரே. நாம் குடியிருக்கும் வீட்டில் நமக்காகச் செய்யப்பட்ட பாத்ரூம் வேலைக்கு இந்த வாதத்தை வைக்கலாம். வீட்டை வாடகைக்கு விட்டு ஓனர் சம்பாதிப்பதால் இது வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். தயாராக இருங்கள்.

ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. கெடு இரண்டு ஆண்டு. மனுவை நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் ஏற்றலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி நாள் குறிக்க வேண்டாம். மனுவுக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வது பெரிய நிறுவனங்களிடம் நன்றாகவே எடுபடுகிறது. தெருமுனை மேஸ்திரியிடம் அது எடுபடாது. அவருக்கு அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது.

வாடகை நீதிமன்றம்: மூன்று

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான், சேதத்துக்கு உதவாததும் இதுதான். வாடகை உயர்வு, காலி செய்தல், தண்ணீர், மின்சாரம் துண்டிப்பு, செய்யாத பராமரிப்பு ஆகியவற்றுக்காக, வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம் என்று அமைந்த ஏற்பாடு இது. உடைந்த டிவிக்கு இவ்வளவு என்று தரத் தனிப் பிரிவு இல்லை. பதிவு செய்த எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் போனால் நிலைமை இன்னும் மோசம். ஒப்பந்தம் போடாததையே காரணமாக்கிக் காலி செய்யச் சொல்ல அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஈடு கேட்டதற்குப் பழிவாங்க ஓனர் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தினால் மட்டும், தாமதிக்காமல் வாடகை அதிகாரியிடம் போங்கள். அதற்கு இது நல்ல கருவி.

காவல் நிலையம்: இரண்டு

கவனக்குறைவால் வந்த சேதம் குற்றமல்ல. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 324-ன்படி சேதம் விளைவித்தல் குற்றமாவதற்கு, அதை வேண்டுமென்றோ, தெரிந்தோ செய்திருக்க வேண்டும். "இது சிவில் மேட்டர்ங்க" என்று இன்ஸ்பெக்டர் சொன்னால் பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான். ஆனாலும் பொருள் காணாமல் போயிருந்தாலோ, மிரட்டல் வந்தாலோ எழுத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகார் பெற்றதற்கான தாள்) வாங்குங்கள். அது எஃப்ஐஆர் அல்ல. ஆனால் இந்தத் தேதியில் நாம் இப்படிப் புகார் சொன்னோம் என்பதற்கு அரசு முத்திரையோடு ஒரு தாள்.

உரிமையியல் வழக்கு

தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. 40,000 ரூபாய் கோரிக்கைக்கு 1,200 ரூபாய். பொருள் சேதத்துக்குக் கெடு மூன்று ஆண்டு. கட்டணம் தடையல்ல, வக்கீல் கூலியும் வாய்தாவும்தான் தடை. ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் இதை மிரட்டலாக வைத்துக்கொள்ளலாம், வழியாக அல்ல. சேர்ந்ததற்கான ஒப்புகையோடு போகும் 15 நாள் கெடு நோட்டீஸ், ஓனர், காண்ட்ராக்டர் இருவர் பெயரிலும். பல விஷயங்கள் அந்த நோட்டீஸோடு முடிந்துவிடும்.

அடுத்த வேலைக்கு முன்

உள்ளே வருவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று வாடகைச் சட்டமே சொல்கிறது. காலை எட்டு மணிக்கு மேஸ்திரி மணியடிக்கும்போது "நாளைக்கு வாங்க" என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. அந்த ஒரு நாளில் செய்ய வேண்டியது: வேலை நடக்கும் அறையை ஒரு நிமிட வீடியோ, ஓடிக்கொண்டிருக்கும் டிவி, ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் திரையில் தெரிய. முன்பு நன்றாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. எலக்ட்ரிகல் வேலையென்றால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனையே டெஸ்டரை விட்டு மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு அறை பிளக்கிலும் அளக்கச் சொல்லுங்கள். டெஸ்டர் ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும், நியூட்ரல் கழன்றிருந்தாலும் அது எரியும். லோடு எதுவும் இல்லாமல் அளந்தால் மீட்டரும் ஏமாற்றலாம். ஒரு அறையில் அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு, மற்ற ஃபேஸில் அளக்க வேண்டும். 230-ஐ ஒட்டி நின்றால் சரி. 300-ஐத் தாண்டினால் மெயினை இறக்கிவிட்டு, அவரைப் படியிறங்க விடாதீர்கள்.